பத்து நாளிற் சீன மாநகர்கள்

கொழும்பிலுள்ள தேசிய நூதனசாலையில் மும்மொழிக் கல்வெட்டொன்று உண்டு. 1911ஆம் ஆண்டிற் காலி நகரில், வடிகாலொன்றின் மூடுகல்லாய்க் கிடந்த நிலையிற் கண்டெடுக்கப்பட்ட அக்கல்லிற் சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளும் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தர் பெருமானுக்கும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையிற் கோயில்கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இசுலாமிய நெறிக்கும் அளிக்கப்பட்ட காணிக்கைகளைக் கூறுகின்றன. காணிக்கையை அனுப்பியவன் மிங் மரபில் வந்த யொங்லே என்னும் பேரரசன். அதனைக் கொண்டுவந்தது அவன் கடற்றலைவனாகிய செங் ஹோவின் கப்பற்றொகுதி. கல்லிலே குறிக்கப்பட்ட ஆண்டு 1409. பெய்ஜிங் நகரில் இன்று உலகோர் திரண்டு சென்று காணும் அரண்மனையைக் கட்டுவித்தவனும் இதே யொங்லேயே என்பது பலர் நினைவிற் கொள்ளாத செய்தி. ஆகவே, சீனத்துக்கு முதன்முறையாகச் செல்ல எண்ணும் ஈழத்தவர் ஒருவர், கடவுச்சீட்டும் விசாவும் இன்றியே, அந்நூதனசாலையில் தம் பயணத்தைத் தொடங்கிவிடலாம்.

அதற்கு அப்பாற் செல்லும்போதுதான் இடர் தோன்றுகின்றது. சீனத்தின் பரப்பு இலங்கையின் பரப்பைப்போல ஏறக்குறைய 146 மடங்கு. கிழக்கு மேற்காக ஐந்து நேர வலயங்கள் அடங்கத்தக்க அகலமுடைய அந்நாடு, 1949ஆம் ஆண்டு முதல் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றி வருகின்றது. அக்கடிகாரம் இலங்கை நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. இவ்வளவு பெரிய நிலப்பரப்பைக் காணப் புறப்படும் ஆசிரியர் ஒருவருக்கோ அலுவலர் ஒருவருக்கோ கிடைக்கும் விடுமுறை பெரும்பாலும் பத்து நாளே. பல ஆண்டு சேமித்த பொருளையும் அரிதிற் பெற்ற ஓய்வையும் செலவிட்டுச் சென்றவர், புகையிரத நிலையங்களையும் வரிசைகளையுமே மிகுதியாகக் கண்டு திரும்புதல் அரிதான நிகழ்ச்சியன்று. இதற்குக் காரணம் சீனத்தின் பெருமையன்று, திட்டத்தின் பேராசையே.

பயண நிறுவனங்களின் விளம்பரத் தாள்கள் பத்து நாளில் எட்டு நகரங்களைக் காட்டுவதாகக் கூறும். பெய்ஜிங், சியான், செங்டூ, குயிலின், சங்காய், ஹாங்சௌ, குவாங்சௌ, ஹொங்கொங் எனப் பெயர்களை அடுக்கிக் காணும்போது மனம் மகிழ்வது இயல்பு. ஆனால் ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்கு மாறுவதற்கு ஆகும் காலத்தைச் சிறிது கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். பெட்டியைக் கட்டி, விடுதிக் கணக்கை முடித்து, பெரும்பாலும் நகரின் புறத்தே அமைந்த நிலையத்தை அடைந்து, பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட்டு, பயணம் செய்து, புதிய ஊரில் விடுதியைத் தேடிச் சேர்வதற்குள் அரைநாள் கழிந்துவிடும்; தொலைவு மிகுந்தால் ஒரு முழுப் பகலும் கழியும். எட்டு நகரங்களுக்கு ஏழு மாற்றங்கள் வேண்டும். எஞ்சும் நாள்களை எட்டாற் பிரித்தால் ஒவ்வொரு நகருக்கும் கிடைப்பது ஒரு காலைப்பொழுதும் ஒரு மாலைப்பொழுதும் எனச் சொல்லுவதே மிகை. மூன்று நகரங்களாயின் மாற்றம் இரண்டே.

ஹொங்கொங்கைப் பற்றித் தனியே ஓர் எச்சரிக்கை தேவை. அது சீனத்தின் பகுதியேயாயினும் குடிவரவு ஒழுங்கில் வேறானது. பெருநிலத்திலிருந்து அங்கே செல்லுதல் சீனத்தை விட்டு வெளியேறியதாகவே கொள்ளப்படும். ஒரு முறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவுடன் சென்றவர் அங்கிருந்து மீண்டும் பெருநிலத்துக்குத் திரும்ப இயலாது.

ஆகவே மூன்று நகரங்களைத் தெரிவோம் எனின், எவை? பெய்ஜிங், சியான், சங்காய் என்பதே பொருத்தமான விடையாகும். சாங்கான் என்னும் பழம்பெயருடைய சியான், சின் அரசு தொடங்கித் தாங் அரசு வரையுள்ள பழஞ்சீனத்தை உணர்த்தும். பெய்ஜிங், யுவான், மிங், சிங் என்னும் மூன்று மரபினரின் தலைநகர். சங்காய், 1842ஆம் ஆண்டின் நான்சிங் உடன்படிக்கைக்குப் பின் வலிந்து திறக்கப்பட்ட துறைமுகமாய் வளர்ந்து, புதுச் சீனத்தின் முகமாய் நிற்பது. மூன்றும் ஒரே வரலாற்றின் மூன்று அதிகாரங்கள். இவற்றைக் கண்டவர்க்குப் பிற நகரங்களை அடுத்த பயணத்திற் காணும் ஆவலும், கண்டவற்றைப் பொருத்திப் பார்க்கும் சட்டகமும் ஒருங்கே கிடைக்கும்.

வரலாற்று முறைப்படி சியானில் தொடங்குதல் நன்றெனத் தோன்றலாம். நூலிலே அது அழகிய ஒழுங்குதான். ஆயினும் காலுக்கு வலுவிருக்கும் முதல் நாள்களிலேயே பெய்ஜிங் அரண்மனையையும் பெருஞ்சுவரையும் கண்டுவிடுதல் அறிவுடைமை. பெய்ஜிங்கில் இறங்கி, சியான் வழியாகச் சென்று, சங்காயிலிருந்து தாயகம் திரும்புமாறு விமானச்சீட்டைப் பெற்றால், சென்ற வழியே திரும்பி வரும் வீண்செலவு இல்லை. பெய்ஜிங்குக்கு வந்த நாள் உட்பட நான்கு நாள், சியானுக்கு மூன்று நாள், சங்காய்க்கு மூன்று நாள் என்பது அளவான பகுப்பு.

பருவத்தைத் தெரிதல் நகரைத் தெரிதலினும் குறைந்த கருமமன்று. இலங்கைப் பாடசாலைகளின் விடுமுறை வழக்கமாக ஏப்பிரல், ஆகஸ்ட், டிசெம்பர் மாதங்களில் வரும். டிசெம்பரிற் பெய்ஜிங்கின் குளிர் உறைநிலைக்குக் கீழே இறங்கும். வெப்பநாட்டவர்க்கு அஃது எளிதன்று. ஆகஸ்டில் வெப்பமும் மழையும் மிகுதி; மேலும் சீன மாணவர்க்கும் அதுவே நெடுவிடுமுறைக் காலமாதலால், ஒவ்வொரு காட்சியிடத்திலும் குடும்பம் குடும்பமாக மக்கள் நிறைந்திருப்பர். எஞ்சுவது ஏப்பிரல். அம்மாதத் தொடக்கத்தில் முன்னோர் கல்லறைகளைத் துப்புரவாக்கி வழிபடும் சிங்மிங் நாள் விடுமுறையும், மே முதலாம் நாளை ஒட்டித் தொழிலாளர் விடுமுறையும் வருவன. இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்று கிழமைகளே தெளிந்த வானமும் அளவான கூட்டமும் உடையவை. சித்திரைப் புத்தாண்டை வீட்டாருடன் கொண்டாடிவிட்டு மறுநாள் விமானம் ஏறுபவர் இரண்டினையும் இழவாதவராவர். ஆண்டின் பிற்பகுதியிற் செல்ல வாய்ப்புடையோர்க்கு இலையுதிர் காலம் மிகச் சிறந்தது. ஆனால் ஒக்ரோபர் முதலாம் நாள் தொடங்கும் தேசிய விடுமுறைக் கிழமையையும், சனவரி பெப்ரவரியில் மாறி மாறி வரும் சீனப் புத்தாண்டையும் தவிர்த்தல் கட்டாயம். அந்நாள்களிற் கோடிக்கணக்கானோர் ஒருங்கே பயணம் செய்வர்.

இனி ஆயத்தங்கள். இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் சுற்றுலா விசாவை முன்னரே பெறுதல் வேண்டும்; சில நாட்டவர்க்கு விசாவின்றி நுழையும் சலுகை உண்டென்று கேள்வியுற்று ஏமாறுதல் கூடாது. விசா விண்ணப்பத்துக்கே நாள்வாரியான பயணத்திட்டம் வேண்டப்படுமாதலால், திட்டமிடல் தவிர்க்க முடியாத கடமையாகவும் ஆகின்றது. கடவுச்சீட்டு அங்கே எல்லைச் சாவடியில் மட்டும் காட்டும் பொருளன்று. புகையிரதப் பயணச்சீட்டும் அரண்மனை நுழைவுச்சீட்டும் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் கொண்டே பதியப்படும். நிலைய வாயிலிற் கடவுச்சீட்டே பயணச்சீட்டாகிவிடும். ஆதலால் அதனை விடுதிப் பெட்டியிற் பூட்டி வைத்துவிட்டு வெளியே செல்லும் நம்மவர் வழக்கம் அங்கே உதவாது. விடுதியில் அன்றி நண்பர் வீட்டிலே தங்குவோர், வந்த 24 மணி நேரத்துள் அவ்விடத்துப் பொலிஸ் நிலையத்திற் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். விடுதியாயின் அவர்களே அதனைச் செய்துவிடுவர்.

இரண்டு எண்களை நினைவில் வைத்தல் போதுமானது. அதிவேகப் புகையிரதச் சீட்டுக்கள் பயண நாளுக்குப் பதினைந்து நாள் முன்னரும், அரண்மனைச் சீட்டுக்கள் ஏழு நாள் முன்னரும் விற்பனைக்கு வருகின்றன. அரண்மனைக்கு ஒரு நாளில் இத்துணை மக்களே என வரையறை இருத்தலால், அன்று காலையிற் சென்று வாயிலிற் சீட்டு வாங்கலாம் என எண்ணியவர் அகழியைக் கண்டு திரும்ப நேரும். திங்கட்கிழமைகளில் அரண்மனைக்கு விடுமுறை. நாட்டிலுள்ள பெரும்பாலான அரும்பொருட்சாலைகளும் அவ்வாறே.

பணம் செலுத்தும் முறை முதற்பயணிக்குப் பெருவியப்புத் தருவது. பழக்கடைக்காரியும் கைத்தொலைபேசியிற் காட்டும் சதுரக் குறியைக் கொண்டே விலை பெறுகின்றாள். அலிபே, வீசாட் என்னும் செயலிகளில் 2023ஆம் ஆண்டு முதல் அயல்நாட்டுக் கடனட்டைகளையும் இணைத்துக்கொள்ளும் வசதி விரிவாக்கப்பட்டுள்ளது. இதனைப் புறப்படுமுன் வீட்டிலிருந்தே செய்து முடித்தல் நன்று. நாணயத்தாளை ஏற்க மறுத்தல் அந்நாட்டுச் சட்டத்துக்கு மாறானதாகையால், சிறு தாள்களாகக் கொஞ்சம் யுவான் கையில் இருப்பின் இடருக்கு உதவும். கூகிள், வாட்ஸ்அப், முகநூல், யூரியூப் ஆகியன அங்கே தடுக்கப்பட்டவை. வீட்டாருடன் பேசும் வழியையும், வரைபடத்தையும், மொழிபெயர்ப்புச் செயலியையும் முன்கூட்டியே ஒழுங்குசெய்யாதவர் வந்திறங்கிய இரவே ஊமையும் செவிடுமாவர். விடுதியின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்திலே ஒரு தாளில் அச்சிட்டுச் சட்டைப்பையில் வைத்திருத்தல் பழைய முறையேயாயினும் இன்றும் தோற்றதில்லை. ஆங்கில எழுத்திலுள்ள பெயரை வாடகைக்கார் ஓட்டுநர் பலர் வாசிக்க மாட்டார். நாம் உச்சரித்துக் காட்டினாலோ, நான்கு தொனிகளையுடைய அம்மொழியில் அது வேறொரு பொருளாய் முடியும்.

சைவ உணவினர்க்குச் சீனம் பட்டினி நாடு என்பது தவறான அச்சம். சீனத்துப் பௌத்த மடங்களின் உணவு முறை, ஊனை மட்டுமன்றி வெங்காயம், உள்ளி முதலியவற்றையும் விலக்குவது. எனவே பெருங்கோயில்களை அடுத்துள்ள உணவுச்சாலைகளில் மிக ஆசாரமுடையோரும் ஐயமின்றி உண்ணலாம். இடர் வருவது சாதாரணக் கடைகளில்தான். அங்கே 'இறைச்சி இல்லை' எனப்படும் கறியிலும் பன்றிக்கொழுப்போ இறைச்சிச் சாறோ சேர்ந்திருக்கக் கூடும். ஆகவே 'இறைச்சி வேண்டாம்' எனச் சொல்வதிலும், சமய நோக்குடைய மரக்கறி உணவைக் குறிக்கும் 'சூ' என்னும் சொல்லை எழுதிக் காட்டுதல் தெளிவானது. குழாய்நீரை எவரும் அப்படியே பருகுவதில்லை. நிலையங்களிலும் வண்டிகளிலும் கொதிநீர் இலவசமாகக் கிடைக்கும். தேயிலை கொண்டுசெல்லும் இலங்கையர் அதனைப் பெரிதும் பாராட்டுவர்.

பெய்ஜிங்கை அறிதற்கு அதன் நடுக்கோட்டை அறிதல் வேண்டும். வடக்கே மணிக்கோபுரமும் முரசுக்கோபுரமும் தொடங்கித் தெற்கே யொங்திங் வாயில் வரை 7.8 கிலோமீற்றர் நீளும் நேர்கோட்டில், அரண்மனையும் வாயில்களும் நிரல்பட அமைய, பலிபீடங்கள் இருபாலும் ஒத்து நிற்கின்றன. 2024ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இக்கோட்டை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. 1406 முதல் 1420 வரை கட்டப்பட்ட அரண்மனை இக்கோட்டின் நெஞ்சு. தெற்கு வடக்காக ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் நீளமும், 72 ஹெக்ரேயர் பரப்பும் உடைய இவ்வளாகத்தில் மிங், சிங் மரபுப் பேரரசர் 24 பேர் வாழ்ந்தனர். யொங்லே கட்டிய மூன்று பெருமண்டபங்களும் திறப்புவிழா நிகழ்ந்த சில மாதங்களில், 1421இல், இடி விழுந்து எரிந்தன. இன்று நாம் காணும் தலைமை மண்டபம் 1695இல் மீளக் கட்டப்பட்டது. மரத்தாற் கட்டிய நாகரிகத்திற் பழைமை என்பது பொருளின் பழைமையன்று, வடிவின் பழைமையே என்பதைக் கல்லாலான கோயில்களிற் பழகிய நம்மவர் அங்கே முதன்முதலில் உணர்வர்.

தெற்கு வாயிலால் நுழைந்து வடக்கு வாயிலால் வெளியேறுதல் விதி. கூட்டம் முழுவதும் நடுக்கோட்டிலேயே நெருக்கிச் செல்லும். மூன்று மண்டபங்களையும் கண்டபின் கிழக்குப் பக்கத்துக்குத் திரும்பி, தனிச்சீட்டுப் பெற்று, வடகிழக்கு மூலையிலுள்ள அரும்பொருட் கூடங்களையும், சியன்லுங் பேரரசன் தன் முதுமைக்கெனக் கட்டிய மாளிகையையும் காண்போர், ஒரு மணி நேரமாயினும் அமைதியாக நடப்பர். அரண்மனையின் சிறந்த ஓவியங்களையும் மட்கலங்களையும் எதிர்பார்த்துச் செல்வோர் ஒன்றை அறிந்திருத்தல் நன்று. உள்நாட்டுப் போரின் இறுதியில், 1948, 1949ஆம் ஆண்டுகளில், அவற்றுள் ஒரு பெரும் பகுதி தாய்வானுக்குக் கொண்டுசெல்லப்பட்டுவிட்டது. பெய்ஜிங்கிற் காணவேண்டியது முதன்மையாகக் கட்டடமே. வடக்கு வாயிலைக் கடந்து வீதிக்கு அப்பாலுள்ள ஜிங்ஷான் குன்றின்மீது, வெயில் தாழும் வேளையில் ஏறிப் பார்த்தால், மஞ்சள் ஓட்டுக் கூரைகள் அலை அலையாய்த் தெற்கு நோக்கிச் செல்லுவது புலனாகும். அக்குன்று அகழி தோண்டிய மண்ணாற் குவிக்கப்பட்டது. மிங் மரபின் கடைசிப் பேரரசன் 1644இல் தன்னுயிர் மாய்த்துக்கொண்டதும் அக்குன்றின் அடியிலேயே. அரண்மனைக்கு ஒரு முழுநாள் ஒதுக்காதவர் இக்குன்றை இழப்பர்.

பெருஞ்சுவருக்கும் ஒரு முழுநாள் வேண்டும். 2012ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட அளவீட்டின்படி, பல காலத்துச் சுவர்களையும் சேர்த்த மொத்த நீளம் 21,196 கிலோமீற்றர். எவரும் காண்பது அதில் ஓர் அணுவே. ஆதலால் எந்த அணு என்பதே வினா. பாதாலிங் பகுதி 1957ஆம் ஆண்டு முதல் பார்வையாளர்க்குத் திறந்திருப்பது. நகரிலிருந்து புகையிரதத்திற் செல்லும் எளிமையுடையது. அதனாலேயே மிக நெருக்கமானது. வடகிழக்கே ஏறக்குறைய 70 கிலோமீற்றர் தொலைவிலுள்ள முதியான்யூ பகுதிக்கு வீதி வழியே செல்லல் வேண்டும். ஆனால் மலையும் காடும் சூழ்ந்த அதன் காட்சி சிறந்தது. கம்பியூர்தி இருத்தலால் முதியோரும் ஏறலாம். விண்வெளியிலிருந்து வெறுங்கண்ணுக்குப் புலனாவது இச்சுவர் ஒன்றே எனப் பாடநூல்களில் நெடுங்காலம் எழுதப்பட்டு வந்த கூற்றை மாணவர் மறந்துவிடலாம். 2003இல் விண்வெளி சென்ற முதற் சீனராகிய யாங் லீவெய் தாம் அதனைக் காணவில்லை என்றே கூறினார்.

எஞ்சும் நாளிற் பலர் கோடை மாளிகைக்கு விரைவர். அதனினும் விண்ணகக் கோயில் எனப்படும் வழிபாட்டிடம் ஆழ்ந்த பயனுடையது. நல்விளைவு வேண்டும் மண்டபம் 38 மீற்றர் உயரமுடையது. மூன்றடுக்கு நீலக்கூரையை 28 மரத்தூண்கள் தாங்குகின்றன. நடுவிலுள்ள நான்கு பருவங்களுக்கும், அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்கும், வெளிப்புறத்துப் பன்னிரண்டு நாளின் பொழுதுகளுக்கும் உரியன. 1889இல் இடியால் எரிந்த இம்மண்டபம் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பப்பட்டது. இதற்குத் தெற்கே கூரையும் உருவமும் அற்ற வட்டப் பீடமொன்று உண்டு. மாரிக்காலத்தின் மிக நீண்ட இரவுக்குரிய நாளிற் பேரரசன் அங்கே விண்ணை வழிபட்டான். நடுக்கல்லைச் சூழ்ந்த முதல் வளையத்தில் ஒன்பது கற்கள், இரண்டாவதிற் பதினெட்டு என ஒன்பதாவதில் எண்பத்தொன்று வரை அடுக்கப்பட்டுள்ளன. கணித ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்காமல் அவ்விடம் விட்டு நீங்கார். காலையில் அங்குள்ள தோப்பில் நகரத்து முதியோர் பாடியும் ஆடியும் சீட்டாடியும் இருப்பதைக் காணுதலும், அரண்மனை காட்டாத ஒரு பெய்ஜிங்கைக் காணுதலாகும்.

பெய்ஜிங்கிலிருந்து சியான் ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர். அதிவேகப் புகையிரதம், புகையே இல்லாத அவ்வண்டியைப் புகையிரதம் என அழைப்பது பொருந்துமாயின், நாலரை முதல் ஆறு மணி நேரத்தில் இதனைக் கடக்கும். பெய்ஜிங்கிற் பல நிலையங்கள் உண்டு. சியான் வண்டி பெரும்பாலும் மேற்கு நிலையத்திலிருந்து புறப்படும். தவறான நிலையத்துக்குச் சென்றவர் வண்டியை இழந்தவரே. விமானத்தைத் தெரிந்தெடுப்பவர், கோதுமை வயல்கள் நிறைந்த வடபுலத்தையும், சியானை அணுகும்போது தோன்றும் மஞ்சள் மண்மேடுகளையும் காணும் வாய்ப்பை விட்டவராவர்.

சியானுக்கு வருவோரிற் பெரும்பாலோர் சுடுமண் படையைக் காணவே வருகின்றனர். 1974ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கிணறு தோண்டிய உழவர் கையில் அகப்பட்ட துண்டுகளிலிருந்து இக்கண்டுபிடிப்புத் தொடங்கியது. கி. மு. 210இல் இறந்த சின் ஷி ஹுவாங் என்னும் முதற் பேரரசனின் கல்லறையைக் காக்க வைக்கப்பட்ட வீரர் சிலைகள் ஏறக்குறைய 8,000 என மதிப்பிடப்படுகின்றன. முதற் குழி 230 மீற்றர் நீளமும் 62 மீற்றர் அகலமும் உடையது. அதன் முன்புறத்தே நிமிர்ந்து நிற்கும் அணிகளைப் படம் பிடித்துக்கொண்டு மக்கள் திரும்பிவிடுகின்றனர். பின்புறம் வரை நடந்தால், உடைந்து கிடக்கும் உறுப்புக்களையும், அவற்றை ஒட்டித் தேறிவரும் உருவங்களையும் காணலாம். எல்லாச் சிலைகளும் வண்ணம் தீட்டப்பெற்றிருந்தன. மண்ணிலிருந்து வெளிப்பட்டதும் அவ்வண்ணம் உதிர்ந்தது. கல்லறையோ இன்றுவரை திறக்கப்படவில்லை. அதனுள் இரசத்தால் ஆறுகள் அமைக்கப்பட்டிருந்தனவென்று சீமா சியன் என்னும் பண்டை வரலாற்றாசிரியர் எழுதினார். மேட்டு மண்ணை ஆராய்ந்தோர் அங்கே இரசத்தின் அளவு மிகுந்திருப்பதைக் கண்டனர். வருங்காலத்து அறிவும் கருவியும் தேர்ச்சியடையும் வரை பொறுத்திருக்கும் தொல்லியலாளரின் அடக்கம் போற்றத்தக்கது.

படையைக் கண்டபின் அன்றே சியானை விட்டுப் புறப்படுதல் பெருந்தவறு. இந்நகரத்திலிருந்தே கி. பி. 399இல், அறுபது வயதைக் கடந்த பாகியன் என்னும் பிக்கு, விநய நூல்களைத் தேடிக் கால்நடையாக இந்தியா நோக்கிப் புறப்பட்டார். பின்னர் இலங்கையில் இரண்டாண்டு தங்கிய அவர், அநுராதபுரத்து அபயகிரி விகாரையில், வணிகன் ஒருவன் சீனத்து வெண்பட்டு விசிறியொன்றைக் காணிக்கையாக வைப்பதைக் கண்டு, தாய்நாட்டை நினைந்து கண்ணீர் வடித்ததாகத் தம் நூலிற் குறித்துள்ளார். இரண்டு நூற்றாண்டுக்குப்பின் சென்ற யுவான் சுவாங் காஞ்சி வரை வந்தார். இலங்கைக்கும் வர விரும்பிய அவர், இங்கே அரசன் இறந்து பஞ்சம் நிலவுகின்றதெனக் காஞ்சியில் எதிர்ப்பட்ட இலங்கைப் பிக்குகள் வாயிலாக அறிந்து, அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். அவர் கொண்டுசென்ற சுவடிகளைக் காக்க 652இல் எழுப்பப்பட்ட பெருங்காட்டுவாத்துத் தூபி, பல திருத்தங்களுக்குப்பின், ஏழு மாடங்களுடன் இன்றும் நிற்கின்றது. ஈழத்தவர் அதன் நிழலிற் சிறிது அமர்தல் தகும்.

நகர மதில் மிங் காலத்தது, சுற்றளவு 13.7 கிலோமீற்றர். அதன் மேல் வாடகைத் துவிச்சக்கரவண்டியிற் சுற்றிவருதல் வந்த நாள் மாலைக்கு ஏற்ற செயல். தாங் காலத்துச் சாங்கான் இம்மதிலுக்குள் அடங்கும் ஊரைப்போல் ஏழு மடங்கு பெரிதாயிருந்தது என்பதை ஓட்டும்போது நினைத்துக்கொள்ளலாம். குவிமாடமின்றிச் சீனப் பாணியிலே கட்டிய பெரிய பள்ளிவாசலும், 781ஆம் ஆண்டுக் கிறித்தவக் கல்வெட்டைக் கொண்ட கல்வெட்டுக் காடு என்னும் அரும்பொருட்சாலையும் மூன்றாம் நாளுக்குரியன.

சங்காயைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். சியானிலிருந்து ஆறேழு மணி நேரப் பயணம். மாலையில் ஆற்றங்கரை வீதியில் நின்றால், ஒரு கரையில் ஐரோப்பிய வணிகர் எழுப்பிய கல் மாளிகைகளும், மறுகரையில் 1990இல் அபிவிருத்தி தொடங்கிய பூடோங்கின் வானளாவிகளும் எதிரெதிரே தோன்றும். அவற்றுள் 632 மீற்றர் உயரமுடைய சங்காய்க் கோபுரம் 2015இற் கட்டி முடிந்தது. மறுநாள், 1559இல் ஓர் அலுவலர் தம் பெற்றோர்க்கெனத் தொடங்கிய யூ தோட்டத்தையும், 1921இற் பொதுவுடைமைக் கட்சியின் முதல் மாநாடு கூடிய சிறு வீட்டையும் கண்டால் நகரின் கதை விளங்கும். அரை மணி நேரத்தில் எட்டக்கூடிய சூசௌ நகரத்துத் தோட்டங்களுக்குச் செல்ல விழைவோர் யூ தோட்டத்தை விட்டுவிடலாம். இரண்டும் வேண்டும் என்பது மீண்டும் பேராசை.

இத்திட்டத்தில் ஓர் ஊர் விடுபட்டுள்ளது. தமிழ் வரலாறு பயில்வோர் அதனைக் கேளாமல் விடார். தென்கிழக்குக் கரையிலுள்ள சுவான்சௌ, மார்க்கோ போலோ சைத்தூன் என வழங்கிய பெருந்துறைமுகம். 2021இல் உலக மரபுப் பட்டியலிற் சேர்ந்தது. அங்கே 1281ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டொன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. சகம் 1203, சித்திரைத் திங்களில், சம்பந்தப்பெருமாள் என்பார் செகாசைக்கான் என்னும் மங்கோலிய ஆட்சியாளன் உடல்நலத்தின் பொருட்டு, அவன் ஆணை பெற்று, சிவபெருமானை எழுந்தருளச் செய்தமையை அது கூறுகின்றது. அக்கோயில் பின்னர் அழிந்துபோயிற்று. அதன் கற்கள் சிதறிப் பிற கட்டடங்களிற் புகுந்தன. கையுவான் பௌத்தக் கோயிலின் தலைமை மண்டபத்துக்குப் பின்னே நிற்கும் இரு தூண்களிற் கண்ணனையும் நரசிங்கத்தையும் இன்றும் காணலாம். யானை இலிங்கத்தை வழிபடும் சிற்பமும் அவ்வூரிற் கிடைத்தவற்றுள் ஒன்று.

பத்து நாளில் நான்கு நகரம் அடங்காது என்பது முன்னரே காட்டப்பட்டது. எனவே சுவான்சௌவைச் சேர்ப்பவர் ஒன்றைத் துறத்தல் வேண்டும். பெய்ஜிங்கைத் துறத்தல் இயலாது. சியானைத் துறந்தாற் சீனத்தின் வேர் தெரியாது. துறக்கத்தக்கது சங்காயே. இதனாற் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளின் கதையை நேரிற் காணும் வாய்ப்புக் கெடும் என்பது உண்மை; அது சிறு இழப்புமன்று. ஆனால் உயர்ந்த மாடங்களையும் ஒளி நிறைந்த கரையையும் சிங்கப்பூரிலோ துபாயிலோ ஓரளவு காண இயலும். சித்திரைத் திங்களிற் சீன மண்ணில் நடந்த சிவப்பிரதிட்டையின் எச்சத்தை வேறெங்கும் காண இயலாது. பொதுப் பயணிக்குச் சங்காய். தமிழாசிரியருக்கும் வரலாற்று மாணவருக்கும் சுவான்சௌ என்பதே முடிவு. அவ்வாறு செல்பவர் சியானிலிருந்து விமானத்திற் சென்று, இரண்டு நாள் தங்கி, அண்மையிலுள்ள சியாமென் நகர விமான நிலையத்திலிருந்து திரும்பலாம். சிற்பங்கள் பல இருப்பது அங்குள்ள கடல்சார் அரும்பொருட்சாலையில். ஆதலால் அவ்விரு நாளில் ஒன்று திங்கட்கிழமையாயின், அன்று கையுவான் கோயிலுக்கும் மற்ற நாள் அரும்பொருட்சாலைக்கும் ஒதுக்குமாறு புறப்படும் நாளையே பின்னோக்கிக் கணக்கிட்டுக் குறித்தல் வேண்டும்.